காரின் பூட்டும் சாவியும்: ஒரு வரலாறு

இரவு படுக்கப் போகுமுன் வீட்டுப் பெரியவர் ஒருமுறை வெளியே வந்து, வாசலில் நிற்கும் காரின் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போவதை நாம் எல்லாத் தோட்டங்களிலும் காண்கிறோம். பூட்டியிருக்கிறதா என்று சோதிக்கும் அந்த ஓர் இழுப்பில் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த பணம், முதலில் முன்பணமாகவும் பிறகு ஒன்பது ஆண்டுகள் வரைகூட நீளும் மாதத் தவணையாகவும் அந்த வண்டிக்குள் போயிருக்கிறது. ஆகவே அதைக் காக்கும் பூட்டைப் பற்றி அறிந்துகொள்வது நமக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று.

பூட்டிய கதவு பூட்டியபடி இருக்கிறது. கண்ணாடி உடையவில்லை. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. ஆனால் விடிந்து பார்த்தால் காரைக் காணோம். இப்படிப்பட்ட திருட்டுகள் இன்று உலகின் பல நாடுகளில் நடக்கின்றன. இது எப்படி முடியும்? இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், நாம் சற்றுப் பின்னோக்கிச் சென்று காரின் பூட்டும் சாவியும் வளர்ந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதைக் கிளப்புவதே பெரும்பாடாக இருந்தது. வண்டியின் முன்புறத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி, பலங்கொண்ட மட்டும் சுழற்ற வேண்டும். இஞ்சின் எதிர்பாராமல் பின்னோக்கி உதைத்தால், சுழற்றியவரின் மணிக்கட்டு முறிந்துவிடும். இந்தத் தொல்லையைப் போக்கியவர் சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். அவர் உருவாக்கிய மின்சாரக் கிளப்பியைக் கெடிலாக் நிறுவனம் 1912 ஆம் ஆண்டுக் கார்களில் பொருத்தியது. கை முறியும் அச்சம் அகன்றது. ஒரு சாவியைத் திருப்பினாலே இஞ்சின் கிளம்பும் முறையைக் கிரைஸ்லர் நிறுவனம் 1949 இல் கொண்டுவந்தது. நமக்குப் பழக்கமான கார்ச் சாவியின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வேலை எளிதானபோது திருட்டும் எளிதாயிற்று. சாவித் துளைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வயர்களை வெளியே இழுத்து ஒன்றோடொன்று தொட்டால் போதும், இஞ்சின் கிளம்பிவிடும். ஆகவே, சாவியை எடுத்தவுடன் இஞ்சின் நிற்பது மட்டுமன்றி ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு பரவியது. சாவியில்லாமல் வண்டியை ஓட்டிச் செல்ல முடியாதபடி செய்ய வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1970 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. வயரைத் தொட்டு இஞ்சினைக் கிளப்பினாலும் வண்டியைத் திருப்ப முடியாது என்ற நிலை உண்டாயிற்று.

இங்கே ஓர் உண்மையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பூட்டும் நேற்றைய திருடனைப் பார்த்துச் செய்யப்பட்டது. கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா என்று நம் பெரியோர் கேட்ட கேள்வி மோட்டார் வண்டியின் வரலாற்றில் இன்றுவரை தீராத கேள்வியாகவே இருந்து வருகிறது.

இனி மின்னணுக் கருவிகள் காருக்குள் புகுந்த கதைக்கு வருவோம். அவை திருடனைத் தடுப்பதற்காக முதலில் வரவில்லை. எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கவும், புகையைக் குறைக்கவும், பிரேக்கைச் சீராக்கவும் வந்தன. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு எரிபொருள் செலுத்தும் கருவி 1967 இல் வோக்ஸ்வாகன் கார்களில் இடம்பெற்றது. 1970 இல் அமெரிக்கா காற்றுத் தூய்மைக்கான சட்டத்தைக் கடுமையாக்கியது. பழைய கார்புரேட்டரைக் கொண்டு அந்தச் சட்டத்துக்குப் பணிவது கடினமாயிற்று. ஈரச் சாலையில் திடீரென்று பிரேக்கை மிதித்தாலும் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் மின்னணுப் பிரேக் முறை 1978 இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது. 1981 ஆம் ஆண்டுக்குள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற பெட்ரோல் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இஞ்சினைக் கவனிக்க ஒரு சிறு கணினியை வைத்துவிட்டது.

இப்படி இஞ்சினுக்கு ஒரு கணினி, பிரேக்குக்கு ஒரு கணினி, கதவுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று பெருகியபோது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. இவை ஒன்றோடொன்று பேச வேண்டுமே! ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் இழுத்தால் காருக்குள் வயர்க் காடுதான் மிஞ்சும். எடையும் கூடும், செலவும் கூடும், பழுது பார்ப்பதும் முடியாமற்போகும். இதற்கு விடை காண போஷ் நிறுவனத்தார் 1983 இல் வேலையைத் தொடங்கி, 1986 ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரில் நடந்த பொறியியலாளர் மாநாட்டில் தங்கள் கண்டுபிடிப்பை வெளியிட்டனர். அதற்குக் ‘கேன்’ என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் இடம்பெற்ற இந்த முறை, பிறகு உலகத்துக் கார்கள் பெரும்பாலானவற்றிலும் பரவிவிட்டது.

இந்தக் ‘கேன்’ எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, தோட்டத்துப் பெரட்டை நாம் நினைத்துக்கொள்வோம். விடியாத இருட்டில் ஆட்கள் எல்லாரும் ஒரே களத்தில் கூடி நிற்கிறார்கள். இருட்டில் யாருடைய முகமும் தெரியாது. ‘பத்தாம் நம்பர் வெட்டு, பின்னால் உள்ள காட்டுக்குப் போ’ என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தச் சொல் எல்லாருடைய காதிலும் விழுகிறது. ஆனால் யாருக்கு உரியதோ அவர் மட்டும் நடக்கிறார், மற்றவர்கள் நிற்கிறார்கள். ‘கேன்’ முறையும் அத்தகையதே. இரண்டு வயர்கள் கார் முழுதும் ஓடுகின்றன. எல்லாக் கணினிகளும் அவற்றில் தொற்றிக்கொண்டு நிற்கின்றன. ஒரு கணினி சொல்வதை எல்லாக் கணினிகளும் கேட்கும். எது எதற்கு உரியதோ அது அதன்படி நடக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சொல்லப்பட்ட செய்தி என்ன, அது எவ்வளவு அவசரமானது என்பது அந்தச் செய்தியில் இருக்கும். சொன்னவர் யார் என்பதற்கான சான்று அதில் இராது. இருட்டில் நிற்கும் ஆட்கள் ‘யார் குரல் கொடுத்தது?’ என்று கேட்பதில்லை. களத்தில் நிற்பவர் எல்லாரும் நம் தோட்டத்து ஆட்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் அன்று தவறில்லை. 1986 இல் காருக்குள் வெளியார் நுழைய வழியே இல்லை. பிரேக்குக் கணினியோடு பேச வேண்டுமானால், காரைத் திறந்து வயரைப் பிடித்தாக வேண்டும். ஆகவே, செய்தி விரைவாகவும் பிழையில்லாமலும் போய்ச் சேருவதற்கு மிகச் சிறந்த ஏற்பாடுகளைச் செய்த பொறியியலாளர்கள், பொய்க்குரல் கொடுப்பவன் ஒருவன் வருவான் என்பதை எண்ணவில்லை.

ஆனால், அதன்பிறகு வேலியில் வழிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. ஒவ்வொரு வழியும் நல்ல காரணத்துக்காகவே திறக்கப்பட்டது.

முதல் வழி, பழுது பார்ப்பதற்கான வழி. 1996 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட புதிய கார்களில், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரே மாதிரியான ஓர் இணைப்புத் துளை இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவும் பெட்ரோல் கார்களுக்கு இதுபோன்ற விதியை ஏற்றது. புகைக் கட்டுப்பாடு கெட்டுப்போனால் எந்தப் பட்டறைக்காரரும் கருவியைச் செருகிக் கண்டுபிடிக்கலாம் என்பது அதன் நோக்கம். இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் ஃபோர்மேன் ஒரு சிறு பெட்டியைச் செருகிப் பார்த்து, ‘இந்த சென்சார்தான் கெட்டிருக்கிறது’ என்று சொல்கிறாரே, அந்த வசதி இப்படித்தான் கிடைத்தது. ஆனால் 2012 இல் பிரிட்டனில் திருடர்கள் அதே துளையைப் பயன்படுத்தி, வெற்றுச் சாவியைக் காருக்குப் பழக்கிக்கொண்டு பி.எம்.டபிள்யூ கார்களை ஓட்டிச் சென்றனர்.

இரண்டாவது வழி, சாவியே வானொலியாக மாறியது. இந்த மாற்றத்தை நாம் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

1986 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது கார்வெட் என்னும் காரின் சாவியில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. சாவியின் பல்வெட்டு சரியாக இருந்தாலும் அந்த மின்தடையின் அளவு பொருந்தாவிட்டால் இஞ்சின் கிளம்பாது. பின்னர் சாவிக்குள் மிகச் சிறிய சில்லு ஒன்றை வைத்தனர். காரில் உள்ள கணினி ஒரு கேள்வி கேட்கும், சாவிச் சில்லு இரகசிய எண்ணைக் கொண்டு விடை சொல்லும். விடை சரியாக இருந்தால் மட்டுமே இஞ்சின் கிளம்பும். இதைப் பிரிட்டன் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001 இலும் கனடா 2007 இலும் அவ்வாறே செய்தன.

இந்தப் பூட்டு பயன் தந்ததா? ஐயமின்றித் தந்தது. நெதர்லாந்திலும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளிலும் 1995 முதல் 2008 வரை இந்தச் சில்லுப் பூட்டு கார்த் திருட்டைச் சராசரியாக ஏறத்தாழ 40 விழுக்காடு குறைத்தது என்று பொருளியல் ஆய்வாளர் இருவர் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். ஆகவே மின்னணுக் கருவி என்றாலே ஆபத்து என்று எண்ணுவது அறியாமை. அதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரை விற்ற கியா, ஹியுண்டாய் கார்கள் பலவற்றில், செலவைக் குறைப்பதற்காக, இந்தச் சில்லுப் பூட்டை வைக்காமல் விட்டுவிட்டனர். அங்கே அதைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. 2021 இல் மில்வாக்கி நகரத்து இளைஞர்கள் அந்தக் குறையைக் கண்டுகொண்டனர். கைப்பேசிப் படங்கள் மூலம் அந்த வித்தை நாடெங்கும் பரவியது. விளையாட்டாகத் திருடி விரைந்து ஓட்டியதில் உயிர்களும் போயின. 14 விபத்துகளும் 8 மரணங்களும் பதிவாயின என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023 பிப்ரவரியில் அறிவித்தது. ஏறத்தாழ 83 லட்சம் கார்களுக்கு நிறுவனங்கள் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. அதே நிறுவனங்கள் சட்டத்தின் காரணமாகக் கனடாவில் விற்ற கார்களில் அந்தப் பூட்டு இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் காவல், இந்தப் பக்கம் காவலின்மை. வேறுபாடு சட்டத்தில்தான் இருந்தது.

ஆயினும், பூட்டு வலுப்பட்டபோது ஆபத்து வேறு இடத்துக்கு நகர்ந்ததும் உண்டு. அது நம் நாட்டிலேயே நடந்தது. 2005 ஆம் ஆண்டு கோலாலம்பூரின் புறநகர் ஒன்றில் வெட்டுக்கத்தி ஏந்திய கும்பல் ஒருவரை மடக்கி, அவருடைய மெர்சிடிஸ் காரைப் பறித்தது. அந்தக் கார் உரிமையாளரின் விரல் ரேகையைக் கண்டால்தான் கிளம்பும். முதலில் அவரையே விரலை வைக்கச் சொல்லி காரைக் கிளப்பினார்கள். மறுபடி கிளப்ப வேண்டியபோது முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அவருடைய சுட்டுவிரலின் நுனியை வெட்டி எடுத்துக்கொண்டு, அவரைச் சாலையோரத்தில் விட்டுச் சென்றார்கள். காரைக் காக்க வந்த பூட்டு காருக்குரியவரின் உடலையே சாவியாக்கிவிட்டது. செய்தி உலகெங்கும் பரவியது. ஒரு பூட்டைச் செய்பவர் திருடனை மட்டுமல்ல, அந்தப் பூட்டோடு வாழப்போகும் மனிதனையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்னும் பாடத்தை அந்தச் செய்தி தந்தது.

சாவிச் சில்லின் இரகசிய எண்ணும் நீடித்து இரகசியமாக இருக்கவில்லை. கோடிக்கணக்கான சாவிகளில் இருந்த ஒருவகைச் சில்லின் எண்ணுக்கு 1 லட்சம் கோடிக்குச் சற்று மேற்பட்ட வடிவங்கள் இருக்க முடியும். அது பெரிய தொகைதான். ஆனால் கணினிக்கு அது பெரிய தொகை அன்று. 2005 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் ஓர் ஆய்வுக்கூடத்தாரும் சேர்ந்து அந்த எண்ணைக் கண்டுபிடித்து, ஒரு ஃபோர்ட் காரைக் கிளப்பிக் காட்டினார்கள்.

பிறகு, பையில் சாவி இருந்தாலே கதவு திறக்கும், பொத்தானை அழுத்தினாலே இஞ்சின் கிளம்பும் என்ற வசதி வந்தது. சாவி அருகில் இருந்தால் காருக்குக் கேட்கும், தொலைவில் இருந்தால் கேட்காது என்பது இதன் அடிப்படை. 2011 இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 வகைக் கார்களைச் சோதித்தார்கள். ஒருவர் காரின் அருகில் ஒரு கருவியோடும், இன்னொருவர் சாவியின் அருகில் மற்றொரு கருவியோடும் நின்றார்கள். காரின் கேள்வியைச் சாவிக்கும், சாவியின் விடையைக் காருக்கும் கடத்தினார்கள். இரகசிய எண் எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. சாவியின் சத்தத்தைத் தூரத்திலிருந்து எடுத்துவந்து காரின் காதில் ஓதினார்கள், அவ்வளவுதான். பத்து வகைக் கார்களும் ஏமாந்தன. ஆணியில் தொங்கும் சாவி தொங்கியபடி இருக்க, வாசலில் நின்ற கார் போவதன் மர்மங்களுள் ஒன்று இதுதான்.

மூன்றாவது வழி, காருக்குள் தொலைபேசி வந்தது. பாட்டுக் கேட்கவும், வழி காட்டவும், விபத்து நேர்ந்தால் உதவி கோரவும் கார்கள் கைப்பேசி அலைவரிசையோடு இணைக்கப்பட்டன. 2010 இலும் 2011 இலும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரும், கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்தாரும் ஒரு சாதாரணக் காரை வாங்கி, பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுதளத்தில் ஓட்டிச் சோதித்தனர். முதலில் காரோடு கருவியை இணைத்துப் பொய்க்குரல் கொடுத்தபோது பிரேக் பிடிக்க மறுத்தது, இஞ்சின் நின்றது, வேகம் காட்டும் முள் பொய் சொன்னது. மறு ஆண்டு, கருவி எதையும் இணைக்காமல், தொலைபேசி அழைப்பு மூலமாகவும், பாட்டுத் தட்டு மூலமாகவும் காருக்குள் நுழைய முடியும் என்று காட்டினர். அவர்கள் காரின் பெயரை வெளியிடவில்லை. குறையை நிறுவனத்துக்குச் சொன்னார்கள். ஆனால் பொதுமக்கள் பெரும்பாலும் இதை அறியவில்லை.

மக்கள் விழித்தது 2015 ஜூலையில். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்து வீடொன்றில் அமர்ந்துகொண்டு, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கி வண்டியைத் தம் வசப்படுத்தினர். ஓட்டியவர் முன்னரே சம்மதித்திருந்த ஒரு பத்திரிகையாளர். முதலில் குளிர்சாதனம் தானாக வீசியது. வானொலி அலறியது. கண்ணாடித் துடைப்பான் ஆடியது. பிறகு வேகமிதியை அழுத்தியும் வண்டி முன்னேறவில்லை. பின்னால் கனரக லாரிகள் வந்துகொண்டிருந்தன. வானொலிப் பெட்டிக்குள் கைப்பேசி இணைப்பு வழியாக நுழைந்து, அங்கிருந்து ‘கேன்’ வயர்களில் பொய்க்குரல் கொடுத்திருந்தார்கள். சில நாட்களில் நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துத் திருத்தியது.

நேயர்களே, பெரட்டுக் களத்தை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். களத்தைச் சுற்றியிருந்த வேலியில் மூன்று வழிகள் திறந்தாயிற்று. ஆனால் களத்துக்குள் ‘குரல் கொடுத்தது யார்?’ என்று கேட்கும் வழக்கம் மட்டும் வரவில்லை. குறை எங்கே என்று நாம் கேட்டால், 1986 ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பின்மேல் மட்டும் பழி சொல்ல முடியாது. உள்ளே இருப்பவர் எல்லாரும் நம்மவர் என்று கருதிக் கட்டிய வீட்டுக்கு, பிற்காலத்தில் வாசல்களைத் திறந்தவர்கள், உள்ளறைகளுக்குத் தாழ்ப்பாள் வைக்க மறந்தார்கள். அதுவே குறை.

அந்த மறதியின் விலையை 2022 இல் லண்டனில் ஒருவர் கொடுத்தார். அவரே வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர். அவருடைய டொயோட்டா காரின் முன்விளக்குப் பகுதியை யாரோ கழற்றிப் பார்த்திருந்தனர். குறும்பர்களின் வேலை என்று எண்ணினார். சில நாட்களில் கார் மறைந்தது. விளக்குக்குப் பின்னால் ஓடும் ‘கேன்’ வயரில் ஒரு கருவியைச் செருகி, ‘சாவி இங்கே இருக்கிறது, கதவைத் திற’ என்று பொய்க்குரல் கொடுக்கிறார்கள் என்பதை அவரும் நண்பர் ஒருவரும் ஆராய்ந்து 2023 ஏப்ரலில் வெளியிட்டனர். அந்தக் கருவியைச் சாதாரண ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் மறைத்துத் திருடர்களுக்கு விற்றிருந்தார்கள்.

திருடன் மட்டுமே ஆபத்து என்றும் நாம் எண்ணிவிடக் கூடாது. சாவி இன்னொருவர் கையிலும் இருந்தால் என்ன ஆகும்? 2010 இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், தவணை தவறியவர்களின் காரைத் தொலைவிலிருந்தே நிறுத்திவைக்க ஒரு விற்பனை நிலையம் கருவி பொருத்தியிருந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் இளைஞர், இன்னொருவரின் கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே நுழைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட கார்களை முடக்கிவிட்டார். நள்ளிரவில் ஹாரன்கள் அலறின. தவணையைத் தவறாமல் கட்டியவர்களும் காலையில் வேலைக்குப் போக முடியாமல் தவித்தனர். தவணைக்குக் கார் வாங்கும் நமக்கு இந்தச் செய்தி மிகவும் அருகில் நிற்கும் செய்தி. 2023 இல் டொயோட்டா நிறுவனம், ஜப்பானில் ஏறத்தாழ 21 லட்சத்து 50 ஆயிரம் வாடிக்கையாளர்களின் வண்டி எங்கெங்கு சென்றது என்ற விவரம் பத்தாண்டுக் காலம் பாதுகாப்பின்றிக் கிடந்ததாகத் தானே ஒப்புக்கொண்டது. பூட்டிய காரிலிருந்து திருடக்கூடிய பொருள்களில் நாம் போய்வந்த வழியும் ஒன்றாகிவிட்டது.

குறையைச் சொன்னவர்களை உலகம் எப்படி நடத்தியது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியாகும். பிரிட்டன், நெதர்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் 2012 இல் பல நிறுவனங்களின் சாவிகளில் இருந்த ஒரு சில்லின் பலவீனத்தைக் கண்டுபிடித்தனர். வோக்ஸ்வாகன் நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. 2013 இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அவர்களின் கட்டுரைக்குத் தடை விதித்தது. ஈராண்டுக்குப் பின் 2015 இல், ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு அது வெளிவந்தது. மாறாக, 2016 இல் சீன ஆய்வாளர்கள் டெஸ்லா காரின் குறையைச் சொன்னபோது, அந்நிறுவனம் ஏறத்தாழ பத்து நாட்களில் கம்பியில்லாத் தொடர்பின் வழியாகவே திருத்தத்தை அனுப்பிவிட்டது. கூரை ஒழுகுகிறது என்று சொல்பவனைப் பகைப்பதா, ஏணியை எடுத்து வருவதா? வரலாறு மெல்ல மெல்ல இரண்டாவது வழிக்கு வந்திருக்கிறது.

ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 2020 ஜூனில் ஒரு புதிய விதியை ஏற்றது. கார் செய்யும் நிறுவனம், வண்டியை வடிவமைக்கும் நாள் முதல் அது ஓடும் காலம் வரை, இத்தகைய தாக்குதலைக் கவனித்துத் தடுக்கும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்பது அந்த விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் புதிய வகைக் கார்களுக்கும், 2024 ஜூலை முதல் புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. கதவுக்குப் பூட்டு கேட்ட சட்டம், ஐம்பது ஆண்டு கழித்து, வயரில் ஓடும் சொல்லுக்கும் பூட்டு கேட்கிறது.

சரி, தோட்டத்தில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்? பயந்து போகத் தேவையில்லை. நம்மில் பலர் ஓட்டும் கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கும் பழைய காருக்கும் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை வருவதில்லை. அவற்றுக்குப் பழைய திருடனே போதும், பழைய சங்கிலிப் பூட்டே காவல்.

பொத்தான் சாவி உள்ள கார் வைத்திருப்போர், இரவில் அந்தச் சாவியை மூடியுள்ள ஒரு தகர பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கலாம். உலோகம் வானொலி அலையைத் தடுக்கும். டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு காரின் அருகில் நின்று கதவைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் டின் நல்ல டின். திறந்தால் வேறு டின்னைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஸ்டியரிங்கில் ஓர் இரும்புப் பூட்டையும் போடுங்கள். பொய்க்குரலுக்கு அந்த இரும்பு செவி சாய்க்காது.

பழைய கார் வாங்கும்போது எத்தனை சாவிகள் உண்டு என்று கேட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். காணாமற்போன சாவியின் பதிவைக் காரின் கணினியிலிருந்து நீக்க முடியுமா என்று பட்டறையில் கேளுங்கள். முன்னைய உரிமையாளரின் கைப்பேசிச் செயலிக்கு அந்தக் கார் இன்னும் கட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் காரை விற்கும்போது நம் தொலைபேசி எண்களையும் வீட்டு முகவரியையும் காரிலிருந்து அழித்துவிடுங்கள். விலை மலிவு என்று, யார் செய்தது என்று தெரியாத கருவிகளை ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள துளையில் செருகி வைக்காதீர்கள். திருத்தத்துக்கு வரச்சொல்லி நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தால், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். முன்விளக்குப் பக்கம் யாரோ கழற்றிய அடையாளம் தெரிந்தால் அதைக் குறும்பர்களின் வேலை என்று விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வெட்டுக்கத்தியோடு ஒருவன் வழிமறித்தால் காரைக் கொடுத்துவிடுங்கள். தவணை போகட்டும். விரல் போனால் திரும்ப வராது, உயிரும் அப்படித்தான்.

பெற்றோருக்கு ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்ல விரும்புவதும் ஒன்று உண்டு. ‘படிப்பு ஏறவில்லை, பட்டறைக்குப் போகட்டும்’ என்று பிள்ளையைப் பற்றிச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இன்றைய பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கும் கைக்குக் கணினி மொழியும் தெரிந்தாக வேண்டும். இருட்டில் குரல் கொடுப்பது யார் என்று கண்டுபிடிக்கும் வேலை அங்கேதான் இருக்கிறது. அந்த வேலைக்கு நம் பிள்ளைகளும் போகலாம். அதற்குக் கணக்கும் அறிவியலும் வேண்டும். படிப்பு ஏறாதவனுக்கு உரிய இடமாகப் பட்டறை இனி இருக்காது.

ஒரு காலத்தில் கார் ஓட்டியவர் தம் மணிக்கட்டை நினைத்து அஞ்சினார். பிறகு வயரைத் தொட்டுக் கிளப்பும் திருடனை நினைத்து அஞ்சினார். இன்று கண்ணுக்குத் தெரியாத குரலை நினைத்து அஞ்சுகிறார். ஒவ்வோர் அச்சமும் அதன் காரணத்தை மனிதன் அறிந்துகொண்டபோது குறைந்திருக்கிறது. இன்று இரவும் நம் வீட்டுப் பெரியவர் காரின் கதவை இழுத்துப் பார்ப்பார். பார்க்கட்டும், அது நல்ல பழக்கம். அதோடு சாவியைப் பிஸ்கட் டின்னில் போட்டாயா என்று உள்ளே திரும்பி ஒரு சொல் கேட்டாரானால், இந்த உரை அந்த வீட்டுக்குப் பயன்பட்டது என்று நாம் மகிழ்வோம்.